புல் ரொட்டி

உள்ளே போகப் போகக் கைபேசியில் சிக்னல் கோடுகள் குறைந்துகொண்டே வந்தன. உதய்பூர் அரண்மனையின் பெரிய வாசலில் நிற்கும்போது முழுதாக இருந்தன, டிக்கெட் கிழிக்கிற இடத்தில் பாதியாயின, படிக்கட்டு ஒரு திருப்பம் திரும்பியதும் ஒற்றைக் கோடு, அப்புறம் அதுவும் போய் அந்த இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி வந்து உட்கார்ந்துகொண்டது. அதையே பார்த்துக்கொண்டு நடந்ததில் ஆறுச்சாமி முன்னால் போனவரின் குதிகாலை மிதித்துவிட்டார். சுவர்கள் அப்படி. மேலே ஆள் படுத்துப் புரளலாம் போல அகலம். பயந்தவன்தான் இவ்வளவு கனமாகக் கட்டுவான் என்று நினைத்தார். மேடையில் சொல்லியிருந்தால் கைதட்டல் விழுந்திருக்கும். இப்போது அந்தப் பயந்தவனோடு ஒரே சுவருக்குள் தானும் நிற்பதாக மட்டுமே பட்டது. மதியத்துக்குள் மகள் வாலண்டினா முடிவு சொல்ல வேண்டும். ஓசூருக்குப் பக்கத்தில் செல்போன் பாகங்கள் பூட்டுகிற கம்பெனியின் ஆபீஸ் அறையில் இந்நேரம் அவள் உட்கார்ந்திருப்பாள். எதிரே ஒரு தாள் இருக்கும். பெண்களைத் தூண்டிவிட்டது என் தவறு, மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், சங்கத்திலிருந்து விலகுகிறேன். அவ்வளவுதான் தாளில். அடியில் கையெழுத்துப் போட்டால் கம்பெனி புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். போடாவிட்டால் பொழுது சாய்வதற்குள் போலீஸ் வந்து கூட்டிப்போகும். கக்கூஸுக்குப் போய்வர நேரம் குறிக்கிறார்கள் என்று பெண்கள் கேட்டை மறித்த அன்று ஒரு அதிகாரியின் கை கதவிடுக்கில் நசுங்கியதாம், அதைக் கொலை முயற்சி என்று எழுதிவைத்திருக்கிறார்கள், ஜாமீன் லேசில் வராது. நேற்று ஓட்டல் மாடிப்படியில் நின்று போனில் இவ்வளவையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது, "செரி கண்ணு. போயிட்டுக் கூப்புடு." அவ்வளவுதான். வேறு ஒரு சொல் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது, அதை விழுங்கிவிட்டார். விழுங்கியது இன்னும் கீழே இறங்கவில்லை. நெஞ்சுக்குழிக்குச் சற்று மேலே நின்றுகொண்டிருக்கிறது.

மனைவி நாகமணிக்கு அவர் சொல்லவில்லை. மகளை சஸ்பெண்டு செய்திருக்கிறார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரியும், அது அந்த வீட்டில் புதுச் சங்கதி அல்ல, மில்லில் அவரையே எத்தனையோ தடவை சஸ்பெண்டு செய்தார்கள். இந்த ராஜஸ்தான் டூருக்கு ஆறு மாதம் முன்பே ஏற்பாடு செய்தவளும் வாலண்டினாதான். "நீங்க ரெண்டு பேரும் ஜெயிலையும் மாநாட்டையும் தவிர எந்த ஊருக்குப் போயிருக்கீங்க, ஏரியும் கோட்டையும் பாத்துட்டு வாங்க" என்றாள். வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ராஜாக்கள் வாழ்ந்த வீட்டை எதற்குப் போய்ப் பார்க்க வேண்டும், எல்லாக் கொள்ளைக்காரன் வீடும் பெரிதாகத்தான் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தார். நாகமணியின் முகம் சுருங்கியதும் விட்டுவிட்டார். இப்போது கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரு பஸ் அளவுக்கு முன்னும் பின்னும் நெருக்க, வெளிச்சம் வராத ஒரு படிக்கட்டில், ஒருவர் மட்டுமே போகக்கூடிய அகலத்தில் அவர் ஏறிக்கொண்டிருக்கிறார். திரும்ப முடியாது. வழி ஒரே பக்கம்தான், எல்லாம் பார்த்துமுடித்தால்தான் வெளியே விடும் என்று டூர் மேனேஜர் சபாபதி வாசலிலேயே சொல்லிவிட்டான். முன்னால் தலைப்பாகை கட்டிய உள்ளூர் வழிகாட்டி இந்தியில் ஏதோ உரக்கச் சொல்ல, சபாபதி பின்பக்கம் திரும்பித் தமிழாக்கினான். "தலை பத்திரமுங்க. வாசல் நெலவு தாழ்வா இருக்குது. எதிரி உள்ள வந்தா ஒத்தை ஒத்தையா, குனிஞ்சுதான் வரோணும்னு இப்படிக் கட்டியிருக்காங்களாம். குனிஞ்ச கழுத்துல ஒரே போடு." பின்னால் யாரோ, "எங்கூட்டுக் குளியலறையும் இப்படித்தானுங்க, எதிரி ஒருத்தனும் வர்றதில்லை" என்றார். சிரிப்பு படிக்கட்டில் உருண்டு இறங்கியது. நாகமணி முன்னாலிருந்து திரும்பி, "பாத்து வாங்க, உங்களுக்குத்தான் குனிஞ்சு பழக்கமில்லையே" என்றாள். மற்றவர்கள் அதற்கும் சிரித்தார்கள். அவர் குனிந்தார். குனியும்போது சட்டைப் பையிலிருந்து கைபேசி நழுவப் பார்த்தது, பதறிப் பிடித்தார்.

படிக்கட்டில் காற்றில்லை. அவருக்குப் பின்னால் ஏறிய பருமனான அம்மாள் ஒருத்தி மூச்சிரைத்தாள், இழுப்பில் ஒரு சின்ன விசில் சத்தம் இருந்தது. அந்தச் சத்தம் அவர் முதுகுத்தண்டில் ஏறியது. மில் தோழன் கிட்டானின் மூச்சு இப்படித்தான் இருந்தது. எமர்ஜென்சியின்போது, சிமெண்டுத் தரை எப்போதும் நசநசவென்றிருக்கும் ஒரு ஜெயில் கொட்டடியில், ஏழெட்டுப் பேருக்கு நடுவில், ஸ்பின்னிங்கில் பஞ்சு தின்று தின்று வீணாய்ப்போன நெஞ்சோடு கிட்டான் உட்கார்ந்தே இரவைக் கழிப்பான், படுத்தால் இழுக்கும். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் போனார்கள். கிட்டான் எழுதிக் கொடுக்கவில்லை, செத்துப்போனான். அவனைப் பற்றி ஆறுச்சாமி எழுதிய துண்டறிக்கை தொழிலாளர் லைன் வீடுகளில் சுவரில் ஒட்டிவைக்கப்பட்டிருந்தது. மூச்சை விட்டான், கொள்கையை விடவில்லை. இந்த ஒரு வரிக்காக அவரை மாவட்டம் முழுக்கப் பேசக் கூப்பிட்டார்கள். எட்டாவதோடு படிப்பை விட்டவர், துண்டறிக்கைகளை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்தே எழுதக் கற்றவர், அவருக்குக் கிடைத்த வரி. பின்னாளில் காரும் பங்களாவும் வாங்கிக்கொண்ட தலைவர்கள் எல்லாம் அதைத் தம் சொந்த வரியாகப் பேசினார்கள், பேசிவிட்டுப் போகட்டும். நாற்பது வருஷத்துக்கு மேலாக அவருக்குள் அது ஒரு பதக்கம் போலத் தொங்கியது. ஆனால் கிட்டான் கடைசியில் கேட்டது சுடுதண்ணீர். கொள்கையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, பேச மூச்சு ஏது, சுடுதண்ணி, சுடுதண்ணி என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான், விடியட்டும் என்றான் வார்டர். துண்டறிக்கையில் சுடுதண்ணீரை அவர் எழுதவில்லை. வரி நன்றாக நின்றது, சுடுதண்ணீரைச் சேர்த்தால் தளர்ந்துபோகும். எழுதுகிறவனுக்கு அது தெரியும். வாலண்டினாவுக்கும் இழுப்பு உண்டு. மில் காம்பவுண்டை ஒட்டிய வீட்டில் பிறந்தவள், பனிக்காலத்தில் அவள் உதடு நீலம் பூத்துவிடும், நாகமணி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கும் வாசலுக்கும் நடப்பாள், அவர் அப்போது எங்காவது கூட்டத்தில் இருப்பார். இப்போது கைப்பையில் இன்ஹேலர் வைத்திருக்கிறாள். உள்ளே விடுவார்களா. கைப்பையை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள், மருந்து ஆபீஸில் இருக்கும், ஆபீஸைப் பூட்டிக்கொண்டு ஆள் போய்விடுவான், கேட்டால் டாக்டர் வரட்டும் என்பார்கள். இப்போதெல்லாம் அப்படி இல்லை, மாறிவிட்டது, பெண்கள் சிறை வேறு, மனித உரிமை, அது, இது. யார் சொன்னது மாறிவிட்டதென்று. மாறிவிட்டதென்று எவனாவது சொன்னால் மேடையில் அவனைக் கிழித்தவரே அவர்தான்.

படிக்கட்டு ஒரு முற்றத்தில் திறந்தது. சுவரெல்லாம் கண்ணாடிச் சில்லில் செய்த மயில்கள். அவசரமாகக் கைபேசியைப் பார்த்தார், பெருக்கல் குறி. ஜன்னல் ஓரம் நகர்ந்து கம்பிக்கு வெளியே நீட்டிப் பார்த்தார், ஒரு கோடு வந்தது, போயிற்று. கீழே ஏரி விரிந்து கிடந்தது. ஏரிக்கு நடுவில் தரையே தெரியாமல் தண்ணீரில் அப்படியே வைத்தது போல ஒரு வெள்ளை அரண்மனை. நாலு பக்கமும் தண்ணீர், ஒரு கதவு கூடத் தெரியவில்லை. எல்லோரும் ஆகா என்றார்கள். அவருக்கு அது உள்ளே போட்டுப் பூட்டுவதற்கென்றே கட்டிய இடமாகத் தெரிந்தது. காலையிலும் இப்படித்தான் ஆயிற்று. அரண்மனைக்குப் பக்கத்திலேயே பெரிய பெருமாள் கோயில், செங்குத்தான படிகள், இரண்டு பக்கமும் கல் யானைகள். எல்லோரும் ஏறினார்கள், வழக்கம்போல அவர் கீழே நின்றுகொண்டார். நாகமணியை அவர் தடுப்பதில்லை, கூடப் போவதும் இல்லை, அது கல்யாணத்திலிருந்தே இருக்கிற ஒப்பந்தம். கீழே நின்று, ஏறுகிறவர்களைப் பார்த்து மனசுக்குள் நக்கலாக நாலு வார்த்தை சொல்வது பழக்கம். இன்றைக்கு நக்கல் வரவில்லை. தேடிப் பார்த்தார், இருந்த இடம் காலியாக இருந்தது. மேலே மணி அடித்தபோது, அடிக்கட்டும், அடிக்கிறவள் என்ன கேட்கிறாளோ கேட்கட்டும் என்று ஒரு நினைப்பு ஓடியது. திகைத்து நாலு பக்கமும் பார்த்தார், யாரோ காதருகில் சொன்னது போலிருந்தது. நாகமணி இறங்கிவர நேரமாயிற்று. வந்தவளின் கண் சிவந்திருந்தது. என்ன என்று கேட்டதற்கு, "சாம்பிராணிப் பொகைங்க" என்றாள்.

கூட்டம் ஒரு ஓவியத்துக்கு முன்னால் நின்றது. காடு, குகை, அடுப்பு, மெலிந்த ஒரு அரசன், பக்கத்தில் அழுகிற ஒரு சிறுமி. வழிகாட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டான், இது அவன் மனசுக்குப் பிடித்த இடம் போலிருக்கிறது. சபாபதி சொன்னான்: "டில்லி பாதுஷாவுக்குக் கடைசி வரைக்கும் பணியாத ராணாங்க இவரு. நாட்டை உட்டுக் காட்டுக்குள்ள போயி வருசக்கணக்காக் கெடந்தாராம். புல்லு வெதையை அரைச்சு ரொட்டி சுட்டுத் தின்னிருக்காங்க. ஒரு நாளு பொண்ணுக்குன்னு வெச்சிருந்த ரொட்டியைக் காட்டுப்பூனை தூக்கீட்டு ஓடிருச்சாம். புள்ளை பசியில அழுதிருக்குது. அந்த அழுகையைக் கேட்டுத் தாங்காம ராணா, போதும், பணிஞ்சர்றேன்னு பாதுஷாவுக்கு ஓலை எழுத உக்காந்தாராம்." "எழுதினாருங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. தன் குரல்தான் என்பது எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகே ஆறுச்சாமிக்குத் தெரிந்தது. மேடைக்குரல், கூரை அதிர்ந்துவிட்டது. சபாபதி வழிகாட்டியிடம் கேட்டான். வழிகாட்டி மீசையைத் தொட்டுக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் பேசினான், பேச்சில் கோபம் இருந்தது. "எழுதவே இல்லைங்கறாருங்க. எழுதினாருன்னு சில பேரு கதை கட்டி உட்டிருக்காங்களாம், சுத்தப் பொய்யாமா. ராணா அப்படிப்பட்ட ஆளில்லையாம்." "செரி, அந்தப் புள்ளை என்னாச்சு?" சபாபதி அதையும் கேட்டான். வழிகாட்டி முழித்தான். யோசித்துவிட்டு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னான். "தெரியாதுங்களாமா." நகருங்க, நகருங்க என்று பின்னால் தள்ளினார்கள், ஆறுச்சாமி நகரவில்லை. எழுதினானா இல்லையா என்று நானூறு வருஷமாகச் சண்டை பிடிக்கிறார்கள். பூனை கொண்டுபோன பிறகு அந்தப் பிள்ளை என்ன தின்றது, தின்றதா, தூங்கினதா, யாருக்கும் தெரியவில்லை. படத்திலும் அவள் முகத்தை அரைகுறையாகத்தான் வரைந்திருந்தார்கள், ராணாவின் மீசைக்கு எடுத்துக்கொண்ட சிரத்தை அதில் இல்லை. அப்போது நெஞ்சுக்குழிக்கு மேலே நின்றுகொண்டிருந்த சொல் தானாக ஏறி வாய்க்குள் வந்துவிட்டது. போட்டுரு. கையெழுத்தைப் போட்டுரு கண்ணு. அதன் ருசி அவருக்குப் பரிச்சயம் இல்லை, ஆனால் கசக்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போனவர்களோடு இவர் ஆயுசுக்கும் பேசியதில்லை, ஒருவன் சாவுக்குக்கூடப் போகவில்லை. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்திருக்கும். பிள்ளைகள் இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். பேர் கூடத் தெரியும்.

சட்டைப் பைக்குள் கைபேசி ஒரு முறை அதிர்ந்து அடங்கியது. எடுத்துப் பார்த்தால், கூப்பிட்டதற்கான அடையாளம் மட்டும், மகளின் செல்லப்பெயரோடு. வாலு. எப்போது கூப்பிட்டாள், இப்போதா, முன்பே கூப்பிட்டது இப்போதுதான் வந்து சேர்ந்ததா, தெரியவில்லை. திரும்ப அழுத்தினார், போகவில்லை. வந்த வழியே இறங்கிவிடலாமென்று திரும்பினார். எதிரே படிக்கட்டு முழுக்க ஆட்கள் குனிந்து குனிந்து ஏறி வந்துகொண்டிருந்தார்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, வியர்த்துக்கொண்டு, ஒரு முடிவில்லாமல். காக்கிச்சட்டைக் காவலாளி ஒருவன் கையை நீட்டி அவர் மார்பைத் தொட்டுத் தடுத்தான், முன்பக்கம் போ என்று காட்டினான். அவன் ஒன்றும் பலமாகத் தள்ளவில்லை. இருந்தும் காக்கித் துணி பட்டதும் அவர் ஓரடி பின்வாங்கினார். லத்திக்கு முன்னால் நெஞ்சைக் காட்டியவன் என்று அவரைப் பற்றிப் பாட்டே கட்டியிருந்தார்கள். அப்போது பயமே இல்லையா தோழர் என்று இளைஞர்கள் கேட்பார்கள், இல்லை என்பார், அது பொய்யும் இல்லை. தன் உடம்புக்குப் பயப்பட அவர் கற்றுக்கொள்ளவே இல்லை. இந்தப் பயம் வேறு எங்கிருந்தோ வருகிறது, ஓசூரில் ஓர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு உடம்பிலிருந்து புறப்பட்டு இவ்வளவு கனமான சுவரையும் துளைத்துக்கொண்டு வந்து சேர்கிறது. சிக்னலுக்கு வழிவிடாத சுவர் இதற்கு விடுகிறது. வெள்ளி அறை, கண்ணாடி அறை, தொட்டில் அறை, ஆயுத அறை, ஒவ்வொன்றிலும் வழிகாட்டி நின்றான், ஒவ்வொன்றிலும் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். தள்ளிக்கொண்டு முன்னால் போனார். "பெரியவருக்கு அவசரம் போலிருக்குது, வழி உடுங்க, மேக்கால இருக்குது" என்று ஒருவர் கக்கூஸுக்கு வழி காட்டினார். கூட்டத்தின் சிரிப்பும் கூடவே வந்தது. அந்தக் கக்கூஸுக்காகத்தானே அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். கடைசி வாசல் நிலையில் குனிய மறந்தார், நெற்றியில் இடித்தது. வலி தெரியாமல் வெளியே வந்தார்.

வெளியே வெயில், கல் பாவிய பெரிய முற்றம், கீழே படகுத்துறை. கோடுகள் திரும்பி வந்தன. மகளின் எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கமாட்டாள் என்று நினைத்தபோது எடுத்தாள்.

"சொல்லுங்ப்பா. எங்க இருக்கீங்க?"

"அரமணையில கண்ணு. நீ கூப்புட்டயா? உள்ள டவர் இல்லை."

"ஆமாங்ப்பா. வெளிய வராந்தாவுல நிக்கறேன். அஞ்சு நிமிசம் கேட்டு வந்திருக்கறேன். தாளை வெச்சுட்டுப் பேனாவையும் தொறந்து வெச்சிருக்கறாங்க." சிரித்தாள். சிரிப்பின் முடிவில் அந்த விசில் இருந்தது.

"மருந்து இழுத்துக்கிட்டயா?"

"அதெல்லாம் ஆச்சு. நீங்க சொல்லுங்ப்பா. என்ன பண்ணட்டும்?"

ஏரிக்காற்று கைபேசிக்குள் அடித்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பி, இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "போட்டுரு" என்றார்.

துண்டித்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. "கண்ணு, கேக்குதா? கையெழுத்தைப் போட்டுட்டு வெளிய வந்துரு. ஊட்டுக்குப் போ."

மெதுவாகச் சிரித்தாள். "ஏனுங்ப்பா, இந்த வயசுலயும் எனக்குப் பரீச்சை வெக்கறீங்களா?"

"பரீச்சை இல்ல, நெசமாத்தான் சொல்றேன்."

"அஞ்சாங்கிளாசுலயும் நெசமாத்தான் சொன்னீங்க. டீச்சரை எதுத்துப் பேசிட்டேன்னு மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க. செரி, போயிக் கேட்டுட்டு வந்துரு கண்ணுன்னீங்க, இதே மாதிரி, மெதுவா. போயிக் கேட்டுட்டு வந்தேன். பொறகு ஒரு வாரம் எங்கூடப் பேசலை. நாஞ் சும்மா சொல்லிப் பாத்தேன், நீயும் போயிக் கேட்டுட்டு வந்துட்டயேன்னீங்க. எம்மொகத்தைக்கூடப் பாக்கலை." குரலில் கோபம் எதுவும் இல்லை. "அந்த ஒரு வாரம் எனக்கு இன்னும் மறக்கலைங்ப்பா. பயப்படாதீங்க. இந்தத் தடவை ஏமாற மாட்டேன்."

"வாலு, அப்பா சொல்றதைக் கேளு. அன்னைக்கு வேற. இன்னைக்கு எனக்கு," என்று சொல்லி அடுத்த சொல்லைத் தேடினார். ஆயிரம் கூட்டத்தில் பேசியவர். பயமா இருக்குது என்று சொல்ல வேண்டும், மகளிடம் ஒரு நாளும் சொல்லாத வார்த்தை, அது எந்தப் பக்கமிருந்து வாய்க்குள் வரும் என்றே தெரியவில்லை.

"கூப்புடறாங்ப்பா. அம்மாவைப் பாத்துக்கோங்க. படகுல போறப்ப அந்த மஞ்சச் சட்டையைப் போட்டுக்கோங்க, வேண்டாம்னு வீம்பு பண்ணாதீங்க. வெச்சர்றேன்."

மறுபடி அழுத்தினார். கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் இந்தியில் சொல்லத் தொடங்கினாள், சொல் புரியாவிட்டாலும் பொருள் புரிந்தது. துண்டித்துவிட்டு மறுபடி அழுத்தினார். அதே பெண்.

நாகமணி வந்து பக்கத்தில் நின்றாள். கையில் இரண்டு மஞ்சள் மிதவைச் சட்டைகள். படகுக்குக் கூப்பிடுகிறார்கள் என்றாள். அவர் நெற்றியைப் பார்த்தாள், புடவைத் தலைப்பால் இடித்த இடத்தை ஒற்றினாள், பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "புள்ளை போட்டாளா?"

அவர் அவளைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களாக்கும். காத்தால கோயில்ல இருந்து பேசினேன். எல்லாஞ் சொன்னா."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது." ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்பன் மொகத்துல முழிக்கற மாதிரி நடந்துக்கோன்னு சொன்னேன்." சட்டையின் பட்டைகளை அவள் விரல்கள் முறுக்கிக்கொண்டிருந்தன. "போட்டுட்டு வந்துரு சாமின்னுதான் வாயில வந்துச்சு. சொல்லலை. சொல்லியிருந்தா உங்ககிட்ட யாரு பேச்சு வாங்கறது. வயசான காலத்துல எங்கிட்டயும் பேசாம இருந்துட்டீங்கன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது. அவரைக் கண்டு. மயில் முற்றத்திலும் படிக்கட்டிலும் அவருக்கு முன்னால் சிரித்துக்கொண்டே நடந்தவள், தன் வாயில் வந்த அதே சொல்லை விழுங்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். இவர் கேட்டுவிடுவாரென்று. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், கீழேயிருந்து சபாபதி கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டான். நாகமணி மஞ்சள் சட்டையை அவர் தலைவழியே மாட்டிவிட்டாள், பட்டையை இழுத்துக் கட்டினாள், அவர் மறுக்கவில்லை. கட்டு நெஞ்சை இறுக்கியது. படகில் ஏறி உட்கார்ந்ததும் மறுபடி எண்ணை அழுத்தினார். படகு துறையை விட்டு நகர்ந்தது, மோட்டார் இரைச்சலில் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவது கூடக் கேட்கவில்லை, தண்ணீருக்கு நடுவில் அந்த வெள்ளை அரண்மனை பெரிதாகிக்கொண்டே வந்தது. காதுக்குள் அந்தப் பெண் முதலிலிருந்து பொறுமையாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து, "போட்டுரு கண்ணு, அப்பாவுக்குப் பயமா இருக்குது" என்றார் ஆறுச்சாமி. அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இவரும் மறுபடி சொன்னார்.